ஜாதகம் தொலைந்த லேத்

நம் ஊரில் மெஷினுக்கு ஆயுசு கெட்டி. அதோடு வருகிற மேனுவலுக்குத்தான் அற்பாயுசு. மிக்ஸி பத்து வருஷம் ஓடும். மேனுவல் பத்து நாள். வாங்கின அன்று குடும்பமே சுற்றி உட்கார்ந்து அதன் அட்டையைப் பார்ப்போம். அதில் ஒரு பெண்மணி, சமையலறையில் யாருமே சிரிக்காத மாதிரி சிரித்துக்கொண்டு காரட் அரைப்பார். மறுநாள் அது ஃபிரிட்ஜ் மேலே போகும். அடுத்த மாதம் பழைய பேப்பர்காரர் தராசில், நம்ம வாரப் பத்திரிகைக்கும் பரீட்சை கைடுக்கும் நடுவில் பரிதாபமாக எட்டிப் பார்க்கும்.

'படித்துப் பார்த்துத்தான் ஓட்டணும் என்றால் அது என்ன மெஷின்?' என்பது நம் கட்சி. ஸ்விட்சைப் போடு. ஓடினால் சந்தோஷம். ஓடாவிட்டால் ஒரு தட்டு. தட்டியும் ஓடாவிட்டால் எலக்ட்ரீஷியன். இந்த மூன்று படிகளில் இந்தியா முழுவதும் பல கோடி சாமான்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மிக்ஸிக்கு இது செல்லும். எழுபது வயசு லேத்துக்குச் செல்லாது. அதைக் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா மூலமாகத் தெரிந்துகொண்டேன். (நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே மெஷின் கால்குலேட்டர். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.)

மாமா ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்தவர். வேறு ஒரு மூடின மில்லின் டூல்ரூம் சாமான்களை ஏலத்தில் எடுத்த புரோக்கரிடமிருந்து ஒரு குட்டி லேத்தை வாங்கிப் போட்டார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில் பிறந்த 'மைஃபோர்ட்'. மேஜைமேல் வைத்து ஓட்டுகிற ரகம். மில் கணக்குப் புத்தகத்தில் வருஷா வருஷம் டிப்ரிசியேஷன் போட்டுப் போட்டு அதன் மதிப்பு ஒரு ரூபாய்க்கு வந்திருக்கும். ஆனால் இரும்புக்கு அக்கவுண்டன்ஸி தெரியாது. துடைத்து எண்ணெய் போட்டதும் ஜம்மென்று சுற்றியது.

லேத் என்றால் என்ன என்று கேட்கிற ஆபீஸ் நண்பர்களுக்கு: குயவர் சக்கரத்தைப் படுக்கப் போட்டால் லேத். அங்கே களிமண் சுற்றும், கை நிற்கும். இங்கே இரும்பு சுற்றும், உளி நிற்கும். இரும்பு சுற்றச் சுற்ற உளியைக் கணக்காக நகர்த்திக்கொண்டே போனால் மரை விழும். ஒரு சுற்றுக்கு எத்தனை நகரணும் என்பதை லீட் ஸ்க்ரூ என்கிற நீளமான திருகும், ஓரத்தில் மாற்றி மாற்றிப் பூட்டுகிற பல் சக்கரங்களும் முடிவு செய்யும். சுமார் 1800-ல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே இந்த மூன்றையும் உறுதியான இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்துக் காட்டினார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-ல் 'ஆளாளுக்கு ஒரு மரை போடாதீர்கள் ஐயா, எல்லோரும் ஒரே அளவாகப் போடுங்கள்' என்று ஒரு அளவுமுறையைச் சொன்னார். இன்றைக்கு உங்கள் பைக்கின் நட்டு, எந்தக் கடையில் வாங்கினாலும் போல்ட்டில் ஏறுகிறதே, அந்தப் புண்ணியம் இப்படி ஆரம்பித்ததுதான்.

ஆக, எந்த மரைக்கு எந்தச் சக்கரம் என்கிற அட்டவணைதான் லேத்தின் உயிர். அது மேனுவலில் இருக்கும். மாமா லேத்தோடு மேனுவல் வரவில்லை. சுருக்கமாக, பெண் வந்துவிட்டாள், ஜாதகம் வரவில்லை.

மாமாவுக்கு முதல் சந்தேகம் அளவிலேயே வந்துவிட்டது. புரோக்கர் எழுதிக் கொடுத்த சீட்டில் '7 இஞ்ச் லேத்' என்று இருந்தது. மாமா ஸ்கேல் வைத்து அளந்தார். சென்டர் முனையிலிருந்து பெட் வரைக்கும் மூன்றரை இஞ்ச்தான்.

"மாப்ளே, பாதி லேத்த வித்துப்போட்டானுங்க!" என்று எனக்கு போன்.

யாரும் ஏமாற்றவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் பெட்டிலிருந்து சென்டர் வரை உயரத்தை லேத்தின் அளவாகச் சொல்வார்கள். அமெரிக்காக்காரர்கள் எவ்வளவு விட்டமுள்ள சாமானைச் சுற்றலாம் என்பதைச் சொல்வார்கள். அதாவது இரண்டு மடங்கு. அமெரிக்க சௌத் பெண்ட் கம்பெனியின் 9 இஞ்ச் லேத்தை லண்டனுக்குக் கொண்டுபோனால், கப்பலிலிருந்து இறங்கும்போதே நாலரை இஞ்ச் ஆகிவிடும். மேனுவல் தேடுகிற பலர் இந்த இடத்திலேயே வேறு வீட்டு ஜாதகத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

மாமா அடுத்த இடத்தில் மாட்டினார். இன்டர்நெட்டில் பழைய மேனுவல்களை விற்கும் ஓர் ஆசாமிக்கு லேத்தின் நம்பரை அனுப்பினார். பெட்டில் குத்தியிருந்த நம்பருக்கு முன்னால் 'கே' என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதை மாமா விட்டுவிட்டார்.

"அது கம்பெனிக்காரன் குலதெய்வத்தோட எழுத்தா இருக்கும்னு நினைச்சனுங்க மாப்ளே."

அந்த எழுத்தில்தான் ராசியே இருக்கிறது. மைஃபோர்ட் கம்பெனி 1934-ல் ஆரம்பித்தது. 1946-ல் 'எம்.எல். 7' என்ற மாடலை விட்டது. 1950-களில் அதே உயரத்தில், அதே சாயலில் 'சூப்பர் 7' வந்தது. முன்னதின் நம்பர் 'கே' என்று ஆரம்பிக்கும். பின்னது 'எஸ்.கே.'. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. உள்ளே பார்த்தால் ரத்த வகை வேறு.

வந்த மேனுவல் தம்பியுடையது. பளபளவென்று பைண்டிங். படங்கள் பிரமாதம். மாமா அதற்கு மஞ்சள், குங்குமம் வைத்துத் திறந்தார். திறந்த அன்றே வினை ஆரம்பித்தது.

முதலில் பேரிங். மெயின் ஷாஃப்ட் கொஞ்சம் ஆடுகிற மாதிரி இருந்தது. புத்தகத்தில் ஒரு வளைய நட்டைத் திருகி இறுக்கச் சொல்லியிருந்தது. மாமாவும் உதவிக்கு இருக்கிற பையனும் டார்ச் அடித்து அரை நாள் தேடினார்கள். அப்படி ஒரு நட்டே இல்லை. எப்படி இருக்கும்? சூப்பர் 7-ல் முன்பக்கம் கூம்பு வடிவ வெண்கல பேரிங், பின்பக்கம் பால் பேரிங். அதை நட்டு வைத்துச் சரிசெய்யலாம். எம்.எல். 7-ல் இருப்பதோ ஒயிட் மெட்டல், இரண்டாகப் பிளந்த வகை. மேல் மூடிக்கு அடியில் ஷிம் இருக்கும். காகிதம் மாதிரி மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டினது. ஆட்டம் வந்தால் அதில் ஓர் அடுக்கை உரித்து எடுக்கணும். நட்டைத் தேடிக் கிடைக்காத எரிச்சலில் பையன் மூடி போல்ட்டை 'ஒரே ஒரு சுத்து' இறுக்கினான். ஷாஃப்ட் சூடாகிப் புகைய ஆரம்பித்தது. மாமா பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார். ஒயிட் மெட்டல் மெதுவானது. இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடியிருந்தால் பேரிங் உருகி வழிந்திருக்கும்.

இரண்டாவது, நிப்பிள். இந்த லேத்தில் ஆங்காங்கே சின்னச் சின்ன நிப்பிள்கள் உண்டு. நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னைத் தூக்குவது நம் நாட்டுப் பழக்கம். லாரிக்கு அடிக்கிற மாதிரி பையன் நாலு அடி அடித்துவிட்டான். அவை எண்ணெய்க்கான நிப்பிள்கள். ஆயில் கன் வைத்து மெல்லிய எண்ணெய்தான் விடணும். கிரீஸ் போய் உட்கார்ந்தால், அதன்பின் எண்ணெய் போக வழியே கிடையாது. மசால் தோசை சாப்பிட்டு முடித்த கையோடு இருமல் மருந்து குடித்த கதை. அத்தனையையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இவ்வளவும் சிரிக்கிற விஷயம்தான், மூன்றாவது வராமல் இருந்திருந்தால்.

மாமா ஓர் ஆர்டர் பிடித்திருந்தார். தொட்டியில் எண்ணெய் மட்டம் பார்ப்பதற்குக் கண்ணாடி வைத்த பித்தளைக் குமிழ், நாற்பது செட். 30 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை ஒன்றரை மில்லிமீட்டர். சாம்பிள் செட் திங்கட்கிழமை பாஸாகணும். பதினைந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கி, அது மாமா பெண்ணின் காலேஜ் ஃபீஸாகி, ரசீதும் வந்துவிட்டது. பக்கத்துப் பட்டறை சி.என்.சி.யில் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவர்கள் கேட்ட கூலியைக் கொடுத்தால் மாமாவுக்கு மிஞ்சுவது இரண்டு பேர் டீ குடிக்கிற காசு. அத்தை வேறு வாசலில் நின்று, "கிலோ என்ன வெலைக்குன்னு அந்தப் பழைய இரும்புக்காரர் கேட்டுட்டுப் போனாருங்க" என்று யாருக்கோ சொல்வது மாதிரி மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் மரைக்கு அட்டவணை இருந்ததா? இருந்தது. கியர்பாக்ஸில் இந்த லீவரை இங்கே தள்ளு, அந்த லீவரை அங்கே தள்ளு என்று. மாமா லேத்தில் கியர்பாக்ஸே கிடையாது! கையால் கழற்றி மாட்டுகிற சக்கரங்கள்தான். மாமா தன் அனுபவத்தில் இஞ்சுக்கு 16 மரை வருகிற மாதிரி பூட்டிப் பார்த்தார். குமிழ் முதல் சுற்று ஏறியது. இரண்டாவது சுற்றில் முறைத்துக்கொண்டு நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? 16 மரை என்றால் மரைக்கு மரை 1.5875 மில்லிமீட்டர். கூப்பிட்ட இடத்துக்கு வராமல் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் போய் மொய் எழுதின மாதிரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது நிலவரம் இது.

இங்கே கொஞ்சம் சரித்திரம். லேத் இஞ்சில் பிறந்தது. அதன் லீட் ஸ்க்ரூவில் இஞ்சுக்கு 8 மரை. நம் நாடு 1956-ல் மெட்ரிக்குக்குச் சட்டம் போட்டது. 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்தது. பின்னாலேயே கிலோவும் மீட்டரும். தாத்தாக்கள் அணாவையும் பைசாவையும் மாற்றத் தெரியாமல் கடையில் சண்டை போட்ட காலம். சண்டை போட்டாவது மனிதர்கள் மாறிவிட்டார்கள். இரும்பு மாறாது. அதன் லீட் ஸ்க்ரூ இன்றைக்கும் அணா கணக்கில்தான் பேசும்.

இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவில் ஒரு விடாப்பிடியான எண் இருக்கிறது: 25.4. ஓர் இஞ்ச் என்றால் மிகச்சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959-ல் பிரிட்டன், அமெரிக்கா உள்பட ஆறு நாடுகள் சேர்ந்து முடிவு செய்தன. சக்கரத்தில் புள்ளி வைத்த பல் கிடையாதே? அதனால் ஐந்தால் பெருக்கினால் 127. இதை வேறு எந்த எண்ணாலும் வகுக்க முடியாது. ஆக, இஞ்ச் லேத்தில் சுத்தமான மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் சக்கரம் வேணும். மாமாவின் பெட்டியில் அது இல்லை.

இருந்ததெல்லாம் 20 பல், 25, 30, 35 என்று ஐந்து ஐந்தாக ஏறி 75 வரை. கூடவே 38 பல் ஒன்று. (தண்ணீர், கேஸ் பைப்புகளில் இஞ்சுக்கு 19 மரை என்று ஓர் அளவு உண்டு. அதற்கு 38.) இவற்றோடு, குடும்ப போட்டோவில் யாருக்கும் தெரியாத ஒரு தூரத்து உறவு மாதிரி, 21 பல் சக்கரம் ஒன்று. அது மாமாவின் டெலிவரி சலான்கள் பறக்காமல் இருக்க மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

"இது வேற ஏதோ மெஷின்து மாப்ளே. பெட்டியில கலந்துபோச்சு."

லேத்தோடு வந்த தகர டப்பாவில் மில்லின் பெயர் இருந்தது. சனிக்கிழமை காலை நானும் மாமாவும் பைக்கில் சிங்காநல்லூர் பக்கம் போனோம். அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று டீக்கடை டீக்கடையாக விசாரித்தோம். மூன்றாவது டீக்கடையில் கிடைத்தது விலாசம்.

பெரியவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். டூல்ரூம் டர்னர். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னொன்று க்யூவில் நின்றது. மாமா மொபைலில் லேத்தின் போட்டோவைக் காட்டினார். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தவர், ஊருக்குப் போன பேரன் போட்டோவைப் பார்த்த மாதிரி, "இது எங்க இருக்குதுங்க?" என்றார்.

மேனுவலைப் பற்றிக் கேட்டோம்.

"புஸ்தகம் இருந்துதுங் தம்பி. ஆபீசர் ரூம்ல, பீரோவுக்குள்ள. சாவி அவருகிட்ட. நாங்க கேட்டா, 'உனக்கு இங்கிலீஷ் தெரியுமா'ம்பாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியும், லேத் தெரியாது. எங்களுக்கு லேத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது."

"அப்புறம் எப்படிங்க மரை வெட்டினீங்க?"

பெரியவர் சிரித்தார். "வருசத்துல ஒரு நா பீரோ தொறக்குமுங்க. சரஸ்வதி பூஜை. அன்னிக்கு எல்லாப் புஸ்தகத்தையும் எடுத்துச் சாமிகிட்ட வைப்பாங்க. லேத்துக்குப் பொட்டு வெச்சு, வாழக்கன்னு கட்டி, பொரி கடலை குடுத்துட்டு எல்லாரும் போயிருவாங்க. ராத்திரி டூட்டி காவலுக்கு நான் இருந்தனுங்க. உக்காந்து அந்த நம்பர் பக்கத்தை மட்டும் நோட்டுல எழுதிட்டேன்."

நான் கேட்டேன்: "சரஸ்வதி பூஜை அன்னிக்குப் படிக்கவோ எழுதவோ கூடாதே, பெரியவரே? சாமி குத்தம் ஆயிடாதுங்களா?"

"படிச்சாத்தானுங் தம்பி குத்தம்? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. பாத்து வரைஞ்சேன்!"

நோட்டு அவர் மருமகளின் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்த டிரங்குப் பெட்டியில் இருந்து வந்தது. நாற்பது பக்க நோட்டு. எண்ணெய்க் கறையில் பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இஞ்ச் மரைகள் ஒரு பக்கம். மில்லி மரைகள் ஒரு பக்கம். 'ஒன்றரை' என்று தமிழில் எழுதி அதற்கு நேரே: 'ஓட்டறது 21, 45. ஓடறது 50, 40.'

மாமா என்னைப் பார்த்தார். இருபத்தொண்ணு! அந்த நிமிஷத்தில் அவர் டெலிவரி சலான்கள் கணபதியில் பறந்துகொண்டிருந்திருக்கும்.

பெரியவர் எழுதினது சரியா என்று நான் அங்கேயே கால்குலேட்டரைத் தட்டினேன். காமர்ஸ்காரனுக்கு விகிதம் என்றால் பார்ட்னர்ஷிப் கணக்கு. லாபத்தைப் பிரிக்கிற மாதிரிதான். ஓட்டறது இரண்டையும் பெருக்கினால் 945. ஓடறது இரண்டையும் பெருக்கினால் 2000. வகுத்தால் 0.4725. லீட் ஸ்க்ரூவின் ஒரு மரை 3.175 மில்லிமீட்டர். பெருக்கினால் 1.5001875. நமக்கு வேண்டியது 1.5. குமிழின் மரை நீளம் 12 மில்லிமீட்டர், அதாவது எட்டு மரை. எட்டு மரைக்கும் சேர்த்து வருகிற பிசகு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. (21 இல்லாமல், 65-ம் 20-ம் ஓட்ட, 55-ம் 50-ம் ஓட என்று வைத்தும் பார்த்தேன். அதுவும் நெருங்கி வருகிறது, தெருமுனை வரைக்கும். 21 வாசல்படி வரைக்கும் வருகிறது.)

"நம்பர் சரியா வந்துச்சுங்களா தம்பி?" என்றார் பெரியவர்.

"ரொம்பச் சரிங்க."

"அறுபது வருசமா வருதுங்க."

அவரை ஆட்டோவில் வைத்துப் பட்டறைக்குக் கூட்டி வந்தோம். லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் வேலையாகப் பையனைக் கூப்பிட்டு உளியைத் தீட்டச் சொன்னார். இஞ்ச் மரைக்கு 55 டிகிரி, மில்லி மரைக்கு 60 டிகிரி. அளவுத் தகடை வைத்து, கண் தெரியாததால் விரல் நகத்தால் தடவிச் சரிபார்த்தார். அப்புறம் ஒன்று சொன்னார். எந்தப் பளபளப்புப் புத்தகத்திலும் அவ்வளவு அழுத்தமாக வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை:

"இஞ்ச் லேத்துல மில்லி மரை வெட்டறப்ப, ஹாஃப் நட்டைக் கடைசி வரைக்கும் தொறக்கப்படாது கண்ணு. தொறந்தா, மறுக்கா அதே பள்ளத்துல வந்து உழுகாது. உளியை வெளிய இழு, சக்கரத்தைப் பின்னால சுத்தி ஆரம்பத்துக்குக் கொண்டா. மோட்டாருல ரிவர்ஸ் போடாதே. சக்கு மரையில மாட்டினது. வேகமா ரிவர்ஸ் போட்டீன்னா கழண்டு மடியில வந்து உக்காந்துக்கும்."

பையன் பெல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து இழுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை ஆழம் கூட்டி, ஒன்றரை மணி நேரத்தில் முதல் குமிழை வெட்டினான். மாமா அதை எடுத்து வளையத்தில் வைத்துச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. பட்டறையில் யாரும் கை தட்டவில்லை. மாமா மட்டும் அத்தை காதில் விழுகிற மாதிரி, "அந்தப் பழைய இரும்புக்காரரு வந்தா, எங்கிட்ட இருக்கற தம்பி மேனுவலைக் கிலோவுக்குப் போட்டுடலாம்னு சொல்லு" என்றார்.

சாம்பிள் திங்கட்கிழமை பாஸ். நாற்பது செட்டும் மூன்று வாரத்தில் போனது. பெரியவருக்கு மாமா கொடுத்த பணத்தை அவர் முதலில் வாங்கவில்லை. இரண்டாவது கண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

அண்ணனுடைய அசல் மேனுவலும் பிறகு கிடைத்தது. இந்தத் தடவை நம்பரோடு 'கே'-யையும் சேர்த்து எழுதினோம், அவ்வளவுதான் விசேஷம். மைஃபோர்டின் பீஸ்டன் தொழிற்சாலை 2011-ல் மூடப்பட்டது. பெயரையும் சரக்கையும் யார்க்‌ஷயரில் உள்ள ஒரு கருவி வியாபாரக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பிறந்த வீடு போனாலும் பெயர் இருப்பதால் காகிதம் கிடைக்கிறது. நம் பக்கத்துப் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனி மூடினால், காகிதம் கோணிப்பையில்.

உங்களில் யார் வீட்டிலாவது, அப்பாவுடையதோ மாமனாருடையதோ, ஒரு பழைய லேத் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஜாதகம் தேடுவதற்கு முன் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பரை எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். பெயின்ட் மறைத்திருந்தால் சுரண்டாதீர்கள். தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். சென்டர் உயரம், இரண்டு சென்டருக்கு நடுவில் உள்ள தூரம், சக் மாட்டுகிற மூக்கின் விட்டம், அதில் இஞ்சுக்கு எத்தனை மரை, லீட் ஸ்க்ரூவில் எத்தனை மரை என்று ஐந்து அளவு எடுங்கள். கியர்பாக்ஸ் உண்டா, கையால் மாற்றுகிற சக்கரமா என்று பாருங்கள். சக்கரங்களின் பல்லை எண்ணி எழுதுங்கள். சம்பந்தமில்லாததாகத் தெரிகிற சக்கரத்தைப் பேப்பர் வெயிட் ஆக்கவேண்டாம். விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்பு பேரிங் பக்கத்தை மட்டும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் லேத்தின் தலையைத் திறந்தால் அந்தப் படம் மாதிரி இருக்கணும். பொதுவாக லேத் வேலை கற்க, சௌத் பெண்ட் கம்பெனியை 1906-ல் ஆரம்பித்த ஓ'பிரையன் சகோதரர்கள் எழுதின 'ஹவ் டு ரன் எ லேத்' என்ற புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக வந்திருக்கிறது, நல்ல வாத்தியார். ஆனால் வாத்தியார் எல்லாப் பிள்ளைக்கும் பொது. உங்கள் லேத்தின் அட்டவணை அதில் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மெஷினை ஓட்டின கை எங்காவது டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பி.டி.எஃப். அடுத்த வருஷமும் கிடைக்கும்.

மாமா இப்போது சரியான மேனுவலின் அட்டவணைப் பக்கத்தை லேமினேட் செய்து லேத்துக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். பக்கத்திலேயே பெரியவர் நோட்டின் பக்கமும், 'ஓட்டறது, ஓடறது' என்று, ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் ஆகி. பையன் எதைப் பார்த்து வேலை செய்கிறான் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டறையில் பீரோ ஒன்று இருக்கிறது. அதில் டீ கிளாஸ்தான் வைத்திருக்கிறார்கள். பூட்டு கிடையாது.